சஹனில் நாலாவது ஆள்

எங்களவர் கல்யாணத்தில் இலை கிடையாது. பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, நடுவில் பெரிய வட்டத் தட்டு ஒன்றை வைப்பார்கள். அதற்குப் பெயர் சஹன். நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை மேலே வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே சஹனில் கை வைப்பார்கள். உட்காருகிறவர் ஒரு முழங்காலைக் குத்திட்டு இன்னொரு காலை மடக்கிக்கொள்வார். அப்போது அவர் கணுக்காலுக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். இதை யாரும் கவனிப்பதில்லை. என் கணுக்காலில் புண் வருகிற வரை நானும் கவனித்ததில்லை.

கடைசியாக நான் உட்கார்ந்த சஹன் நினைவிருக்கிறது. எதிரில் இருந்தவர் மரியாதைக்காரர். எழுந்து போகவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சோற்றை அளைந்துகொண்டே இருந்தார், வாய்க்குத்தான் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார், துண்டு அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேரும் சாப்பிட ஆரம்பித்த சத்தம் கேட்டது. அதன்பிறகு எந்த அழைப்புக்கும் போகவில்லை.

கால் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டால், நின்று நின்றுதான். மீசை அரும்பும் முன்னே கப்பலேறிச் சைகோனுக்குப் போனவன் நான். அங்கே நம்மவர் துணிக்கடையில் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கணைக்கிற வரை மேசைக்குப் பின்னால் நின்று துணி கிழிக்க வேண்டும். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். கூட வேலை பார்த்தவர் ஒருவர், "இந்தக் கடைக்கு நாலு தூணு, அஞ்சாவது நீ" என்பார். சில வருஷத்தில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புடைத்துச் சுருண்டு, பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. சாயங்காலம் பாதம் வீங்கும், காலையில் வற்றும். அதை நான் ஒரு நோவு என்றே நினைக்கவில்லை. கடை மூடினால் கால் வீங்கும், விடிந்தால் சேவல் கூவும், அப்படித்தான்.

அங்கே சண்டை பெருத்து, முதலாளி கடையை விற்றதும் ஊர் திரும்பினேன். காரைக்காலில் மனைவியோடு கொஞ்ச காலம். பிறகு அவள் காய்ச்சலில் மவுத்தாகிப் போனாள். பிள்ளை இல்லை. எங்களில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும், மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வான். பெண் போனபிறகு மாப்பிள்ளை யார்? அந்த வீட்டில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அவள் தங்கைக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பித்ததும், இரண்டு மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம் ஏது என்று நானாகவே சைகோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அரசலாற்றுப் பக்கம் நெல் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. கூடப்பிறந்த லாத்தா, அதாவது என் அக்காள், அவள் வீட்டிலிருந்து தினமும் அடுக்குப் பாத்திரத்தில் சோறு அனுப்புவாள். கொண்டுவருகிற வேலைக்காரம்மா நல்லவள், வாயாடி. புண் வந்தபிறகு அவளும் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, "வச்சிருக்கேங்க" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

புண் வந்த கதை சின்னது. ஊரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தேன். துணிப் பொதியைக் கட்டி வரும் இரும்புப் பட்டை, உள் கணுக்காலுக்குச் சற்று மேலே கீறிவிட்டது. கடுகளவு கீறல். ஆறவில்லை. கடுகு மிளகானது, மிளகு காசானது, பிறகு ஒரு வெற்றிலை அளவுக்குப் பரந்துவிட்டது. சுற்றிலும் தோல் கறுத்து, தொட்டால் மரப்பட்டை போல. எந்நேரமும் நீர் வடியும், நாறும். முதலாளி என்னை முன்கடையிலிருந்து பின்னால் பொதி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினார். "காத்தோட்டமா இருக்கும்ல" என்றார். ஜன்னல் இல்லாத இடம் அது.

ஊரார் என் காலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு வாரத்துக்குப் பேசலாம். எனக்கு மனிதர்கள் சொல்வது பிடிக்கும், என்னைப் பற்றிச் சொன்னாலும். முடிவெட்டுகிறவர் சொன்னது: "அத ஆற வுடாதீங்க. உள்ளருந்து கெட்டது போவுற வாசக்காலு அது. அடச்சீங்கன்னா நெஞ்சுக்கு ஏறிடும்." வண்டிக்காரர் ஒருவர் காசு வாங்காமல் இறக்கிவிட்டு, "உங்க காலு அழுவுது, நீங்க சிரிக்கிறீங்க, யாரு சொல்றத நான் நம்புறது" என்றார். யானைக்கால் என்று சிலர் முடிவுகட்டியே விட்டார்கள். பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டேன். தொழுகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். என் பக்கத்தில் நிற்பவர் ஒட்டுவாரா மாட்டாரா என்று பார்ப்பதைவிட அறையிலேயே தொழுவது மேல். பாங்கு ஆற்றின் மேல் மிதந்து வரும். நான் தனியாக எழுந்து நிற்பேன்.

இப்படி இருந்தபோது லாத்தா மகளுக்கு நிக்காஹ் பேசினார்கள். நோன்புப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். சைகோனிலிருந்து அவளுக்கு வாங்கி வந்த மரப் பொம்மையை அவள் இன்னும் வைத்திருந்தாள். வாசலில் நின்று ஆட்களை வாங்க வாங்க என்று அழைத்து, பன்னீர் தெளித்து, கடைசியில் லாத்தாவின் கணவரான மச்சானோடு சஹனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன் நான். எனக்கு வேறு ஆசை எதுவும் அந்த வருஷம் இல்லை. அந்தச் சஹனில் உட்கார வேண்டும். என்னைப் பார்த்து யாரும் சோற்றை அளையக் கூடாது. அதற்காகத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அப்போது கச்சேரி மேல் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் சிலர் அப்படியே இருந்தார்கள். ஊரில் அவர்களை மசேர் என்பார்கள். புண் கட்டுகிற அறையில் இருந்த மசேர் வயதானவர், கட்டை குட்டையானவர். பிரசவ வார்டில் பல வருஷம் இருந்தவராம். அங்கே வந்த கிராமத்துப் பெண்களிடமும் அவர்களுடைய தாய்மாரிடமும் கற்ற தமிழ்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் அதே பேச்சு. முதல் நாள் என் காலைப் பிடித்துப் புண்ணைக் கழுவியபோது நான் பல்லைக் கடித்தேன்.

"மூச்ச இழு தாயி. முக்காத, முக்காத. அவ்ளோதான், ஆயிடுச்சு" என்றார்.

எனக்கு நரை விழுந்துவிட்டது, மீசை வேறு. பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரிச்சிக்குடிக்காரி, நடவு வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் இதே புண், வலது காலில். "என்னா மரைக்காரே, ஆம்பளயா பொம்பளயா?" என்றாள். எங்களவர் எல்லாரையும் அவள் மரைக்காரே என்றுதான் கூப்பிடுவாள். பிறகு அவளே சமாதானம் சொன்னாள். "கோச்சிக்காதீங்க. நான் சேத்துல நின்னேன், நீங்க கடையில நின்னீங்க. ரெண்டும் ஒரே புண்ணுதான்."

டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். நரம்புக்குள் மேலே ஏற வேண்டிய ரத்தம் ஏறாமல் கீழேயே தேங்குகிறது. மருந்து கால் பங்கு, கட்டு முக்கால் பங்கு. நட, இல்லாவிட்டால் படு. நிற்காதே, காலைத் தொங்கப் போட்டு உட்காராதே. படுக்கும்போது பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். அறைக்கு வந்து சைகோன் பெட்டியைப் பாயின் ஓரத்தில் வைத்து அதன்மேல் காலை வைத்துப் படுத்தேன். அந்தப் பெட்டி கடல் கடந்து வந்ததே இதற்குத்தான் போல.

இழுத்தால் நீளுகிற துணி அந்தக் கட்டு. மசேர் அதைக் கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றுவார். சுற்றி முடித்ததும் வயலெட் மருந்தில் ஒரு குச்சியைத் தோய்த்து, கட்டின் மேல் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு போடுவார். ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்த தடவை போனபோது புரிந்தது. கோடு துண்டு துண்டாகி, ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக நின்றது.

"யாரு அவுத்தது?" என்றார்.

"தானா அவுந்திடுச்சு மசேர்."

"தானா அவுந்து, தானா சுத்திக்கிச்சா?"

அடுத்த தடவையும் அப்படியே, அதற்கடுத்த தடவையும். புண் ஒரு நெல்முனை அளவுகூடக் குறையவில்லை. சொறிகிறேன், பச்சிலை வைத்துக் கட்டுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அவிழ்த்தது தொழுகைக்கு. தொழுமுன் ஒளு செய்ய வேண்டும். முகம், கை, தலை, கடைசியில் கணுக்கால் வரை பாதம். கட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஆகுமா? ஒவ்வொரு வேளையும் கட்டை அவிழ்த்து, பாதத்தைக் கழுவி, மறுபடி என் கைப்போக்கில் தொளதொளவென்று சுற்றிக்கொள்வேன். அஞ்சு வேளைக்கும் இப்படி. காலையில் அவர் மேலே ஏற்றிய ரத்தத்தை நான் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குள் கீழே இறக்கிவிடுவேன். இதைச் சொன்னால் கிறிஸ்தவப் பெண்மணிக்கு என்ன புரியும், தொழாதே என்று சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வரிச்சிக்குடிக்காரிதான் போட்டு உடைத்தாள். "அவரு தொளுவுறவருங்க மசேர். காலு அலம்பாம தொளுவ மாட்டாங்க அவங்கள்லாம்."

மசேர் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி? எங்க சாமியாரு காய்ச்சக்காரனுக்கு உபவாசம் வேணாம்னு விடுவாரு. உங்க சாமியாரும் ஏதாவது வச்சிருப்பாரு. போயிக் கேட்டுட்டு வா."

மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் போனேன். பள்ளிக்கு அடுத்த வீடு. காற்று அவர் பக்கம் போகாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒளுவோட இருக்கிறப்ப கட்டைக் கட்டு. அப்புறம் அவுக்க வேணாம். மத்த உறுப்பைக் கழுவிட்டு, கட்டு மேல ஈரக்கையால தடவு. கூடத் தயம்மும் செஞ்சுக்க." தயம்மும் என்றால் தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்வது. "இவ்வளவு நாளா இதக் கேக்காம எங்க போனே?"

"கிட்ட வரத் தயங்கினேன் ஹஜ்ரத்."

அவர் பெருமூச்சு விட்டார். "ஒண்ணு பாத்துக்க. நம்ம மத்ஹபு சட்டத்துல அந்நியப் பெண்ணோட கை மேல பட்டா ஒளு முறிஞ்சிடும். அந்தம்மா கட்டினா ஒளுவோட கட்டினதா ஆகாது."

இதை மசேரிடம் போய் எப்படிச் சொல்வது? சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சரி. இனிமே என் கை வராது. வாய் மட்டும் வரும். நீயே கட்டு."

அன்றிலிருந்து அப்படித்தான். காய்ச்சி ஆறின தண்ணீரால் நானே புண்ணைக் கழுவி, ஆஸ்பத்திரிக் குழாயில் ஒளு செய்துகொண்டு வருவேன். மருந்து தடவிய துணியை அவர் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார். நான் எடுத்து வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பேன். "பாதத்த நிமித்து. விரலுக்குக் கீழ தொடங்கு. குதிங்காலு தெரியுது, மூடு. கணுக்காலச் சுத்தி எட்டுப் போடு. முன்ன போட்ட சுத்துல பாதி மறையணும். கீழ இறுக்கு, மேல போவப் போவ விடு. ஐயோ, அது தாம்புக்கயிறு இல்ல தாயி." சில சமயம் பொறுக்க முடியாமல் அவர் கை முன்னால் வந்துவிடும். உடனே பின்னால் இழுத்துக்கொள்வார். கடைசியில் குச்சியை என்னிடம் தருவார், கோடும் நானே போட வேண்டும்.

கட்டு நின்றது. கோடு நேராக நின்றது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நடந்து திரும்பும்போது ஒன்று தெரிந்தது. மனைவி போனபிறகு முடிவெட்டுகிறவரைத் தவிர வேறு யார் கையும் என் மேல் பட்டதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை இந்த மசேரின் கை பட்டுக்கொண்டிருந்தது. சொரசொரப்பான கை, மருந்து வாசனை. யாருமே விலகிப் போகிற காலை அது தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும். இப்போது அதுவும் கிடையாது. ஆண்டவனோடு கணக்கைச் சரி செய்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தி, பெட்டி மேல் காலை வைத்துப் படுத்து, கிடங்கில் நெல் அளக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நல்ல கேலியாக இருந்தால் நானும் சிரிப்பேன், அவர்களுக்குத் தெரியாமல்.

நோன்பு வரும்போது புண்ணின் சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு வந்துவிட்டது. ஓரத்திலிருந்து பாலாடை மாதிரி ஒரு தோல் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. வாசனை முதலில் போயிற்று. பெருநாள் பிறை பார்த்த வாரம் புண் மூடிவிட்டது. வெங்காயத் தோல் போல மினுமினுப்பாக, கீழே கருமை தெரிய. மசேர் குனிந்து, கையைப் பின்னால் கட்டியபடியே, வெகுநேரம் பார்த்தார். "நல்ல புள்ள" என்றார். என்னையா காலையா தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "கட்டு விடக் கூடாது" என்றார்.

"ஆறிடுச்சுங்களே."

"புண் ஆறியிருக்கு. நரம்பு ஆறாது. சட்டை போடுற மாதிரி, வாழ்நாள் பூரா காலுக்கு இதுதான் சட்டை. ஒரு நாள் விட்டு நின்னா, மறுபடி வெடிக்கும்."

பெஞ்சில் இருந்த வரிச்சிக்குடிக்காரி இதைக் கேட்டு முகவாயில் கை வைத்தாள். "கட்டு இருந்தா புண்ணு இருக்குன்னுதான மரைக்காரே ஊரு சொல்லும்? எனக்கு ஒண்ணுமில்ல, சேத்துல நிக்கயில யாரு பாக்குறா. நீங்க விருந்துக்குப் போற ஆளு."

அவள் சொன்னதுதான் நடந்தது. நேரே லாத்தா வீட்டுக்குப் போனேன். வெகுநாளைக்குப் பிறகு வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. ஆறிவிட்டது என்று சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவள் கண் கீழே இறங்கி என் கால் கட்டின் மேல் நின்றது.

"ஆறிடுச்சுங்குறே, பின்ன ஏன் கட்டு?"

டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சின்னப் பிள்ளை பொய் சொல்லும்போது தாய் தலையாட்டுவது போல. "நீ கவலப்படாதே தம்பி. கல்யாணத்தன்னிக்கு ஒனக்கு உள் அறையில தனியா விரிச்சு வைக்கிறேன். காலை நீட்டிக்கிட்டு நிம்மதியா சாப்பிடு. நல்ல கறியா நானே எடுத்து வைக்கிறேன்."

அதில் அன்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கட்டு மாற்றுகிற நாளில் வந்து பார்க்கட்டும் என்று வேலைக்காரம்மாவிடம் சொல்லியனுப்பினேன். கல்யாண வேலை, வரவில்லை. வந்து பார்த்தாலும் அவள் ஒருத்திதானே. வாசலில் வரப்போகிற ஊரை முழுக்க எப்படிக் கூப்பிட்டுக் காட்டுவது? மறுநாளும் அடுக்குப் பாத்திரம் வாசற்படியில் இருந்தது.

நிக்காஹ் அன்று பள்ளிக்குப் போனேன். சலவைக் கைலி, வெள்ளை ஜிப்பா. நிக்காஹுக்கு முன் எல்லாரும் ஒளு செய்யப் பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவுலின் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் இருந்தார், மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள், சைகோனில் என்னோடு இருந்த பழைய ஆட்கள் இருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விழுந்தது. யாரும் வேண்டுமென்று விட்டதல்ல, பழக்கம். கட்டைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ஈரக்கையால் மேலே தடவினால் போதும் எனக்கு. ஆலிம்சா கொடுத்த அனுமதி அது.

நான் கட்டை அவிழ்த்தேன். முழங்காலிலிருந்து கீழே, சுற்றுச் சுற்றாக, மெதுவாக. கடைசிச் சுற்று விழுந்ததும் துணியைச் சுருட்டி ஜிப்பா பையில் வைத்துக்கொண்டு, காலை ஹவுல் விளிம்பில் எல்லாரும் பார்க்க நீட்டி, தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தண்ணீர் கறுத்த தோலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிற்று.

சைகோன் ஆள் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னடா இது, கொத்தனாரு பூசுன மாதிரி மூடிட்டானுவோ." யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "கிட்ட காமி, நம்பலாமா" என்று குனிந்து பார்த்தார். மச்சான் என் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்து தன் காலைக் கழுவ ஆரம்பித்தார்.

கட்டைத் திரும்பச் சுற்றிக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். ஆனால் நிக்காஹ் முடிந்ததும் மச்சான் என் கையைப் பிடித்து, "வாசல்ல வந்து நில்லு, மாமன்காரன் இல்லாம யாரு அழைக்கிறது" என்று இழுத்துக்கொண்டு போனார். வாசலில் வருகிறவர்கள் ஹவுல் கரையில் இல்லாதவர்கள். அவர்கள் முன்னால் கட்டோடு நிற்க மனம் வரவில்லை. பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றேன். பையில் சுருள் உருண்டையாக இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், எடுக்கவில்லை. பழைய வேலைதானே, நிற்பது எனக்குத் தெரியாததா? வாங்க வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. லாத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பந்தி விரித்தபோது மச்சான் ஒரு சஹனிலிருந்து குரல் கொடுத்தார். "இங்க ஒரு ஆளு குறையுது, வா." போய் உட்கார்ந்தேன். முழங்காலைக் குத்திட்டு, இடது காலை மடக்கி. சோற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் என் கணுக்கால். நாலு கை உள்ளே போயிற்று. நான் அவர்கள் கையையே பார்த்தேன். எல்லாக் கையும் வாய்க்குப் போயிற்று. எங்களில் ஒரு வழக்கம் உண்டு, நல்ல கறித்துண்டை எடுத்து எதிராளி பக்கம் தள்ளிவிடுவது. எனக்கு எதிரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், முன்பின் அறியாதவர், பேச்சுவாக்கில் ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். நான் அதைச் சாப்பிட்டேன். என்ன ருசி என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அறைக்கு வந்ததும் கட்டினேன். மறுநாள் லாத்தா சோறு அனுப்பவில்லை, ஆள் அனுப்பினாள், வீட்டுக்கு வந்து சாப்பிடு என்று. கொஞ்ச நாள் அங்கே போய் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு ஒரு காலை, கட்டின் மேல் மஞ்சளாக ஒரு ஈரம் தெரிந்தது. உள்ளே பழைய இடத்திலேயே தோல் கிழிந்து ஒரு காசு அளவுக்குத் திறந்திருந்தது. வயிறு சரியில்லை என்று லாத்தாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவள் மறுபடி அடுக்குப் பாத்திரம் அனுப்பினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் வரிச்சிக்குடிக்காரி இல்லை, நடவுக் காலம். மசேர் கட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"யாரு அவுத்தது?"

"நான்தான் மசேர்."

"தொழுவவா?"

"இல்ல. சாப்பிட. அக்கா மக கல்யாணம்."

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

சரி என்று தலையாட்டினார். மருந்துத் துணியையும் சுருளையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றார். நான் தட்டைத் தொடவில்லை. "இன்னிக்கு நான் ஒளு செஞ்சுக்கிட்டு வரல மசேர்" என்றேன். நிஜமாகவே செய்துகொண்டு போகவில்லை. குழாய் வழியில்தான் இருந்தது, தாண்டி வந்தேன். ஒளு இல்லாமல் கட்டிய அந்தக் கட்டோடு தொழுத தொழுகைகளைப் பிறகு திரும்பத் தொழுது தீர்த்துக்கொண்டேன். அது எனக்கும் என்னைப் படைத்த ரப்புக்கும் உள்ளது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதே சொரசொரப்பான கை. "முக்காத தாயி" என்று சொல்லிக் கழுவினார். விரலுக்குக் கீழே தொடங்கி, குதிங்காலை மூடி, எட்டுப் போட்டு, கீழே இறுக்கி, மேலே விட்டு விட்டு, சுற்றுக்குப் பாதி மறையச் சுற்றிக்கொண்டே வந்தார். முழங்கால் கிட்ட வரும்போது சுருள் தீர்ந்துகொண்டு வந்தது. துணி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.